செருப்பு தைப்பவர் மகன்கூட

அன்புள்ள அண்ணன்,

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வாரம் தரம் 8 பிள்ளைகளுக்கு ஆபிரகாம் லிங்கன் கதையைச் சொன்னேன். ஜனாதிபதியாகி முதல் நாள் சபையில் பேச எழுந்தபோது ஒரு பணக்காரர், "உன் அப்பா தைத்த சப்பாத்துதான் என் காலில் இருக்கிறது" என்று ஏளனம் செய்கிறார். "அதில் குறை இருந்தால் கொண்டு வாருங்கள், நானே தைத்துத் தருகிறேன், அந்தத் தொழில் எனக்கும் தெரியும்" என்று லிங்கன் பதில் சொல்கிறார். கதை முடிந்ததும் வகுப்பே திரும்பி ஒரு பையனைப் பார்த்தது. அவனுடைய அப்பா டவுனில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சப்பாத்து தைக்கிறவர். குனிந்தவன் பெல் அடிக்கும்வரை நிமிரவே இல்லை. இரண்டு நாளாகப் பள்ளிக்கூடமும் வரவில்லை. நல்லதை நினைத்துத்தான் சொன்னேன். இந்தக் கதை உண்மையா? அந்தத் தொழில் செய்து அரசியலுக்கு வந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா?

— ஆசிரியர் ஒருவர், தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பிள்ளை குனிந்து உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கதை உண்மை இல்லை. லிங்கனின் தகப்பனார் தோமஸ் லிங்கன் விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். செருப்பு தைத்தவர் அல்ல. நானும் சின்ன வயதில் இதை மேடைகளில் கேட்டுக் கைதட்டியவன்தான், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் கவலை வேறு. அந்தக் கதையின் அடியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: 'கூட'. செருப்பு தைப்பவர் மகன்கூட ஜனாதிபதி ஆகலாம். கூட என்றவுடனே அந்தத் தொழில் கீழே போய்விடுகிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்டது அந்தச் சொல்தான், அதனால்தான் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

நிஜமாக அந்தத் தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள். மகன் அல்ல, தைத்தவரே. அமெரிக்காவில் ஹென்றி வில்சன் என்று ஒருவர், 1812இல் பிறந்தார். வீட்டில் கடும் வறுமை. 10 வயதில் அவரை ஒரு விவசாயியிடம் 21 வயதுவரை வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டன் பூட்டன்மார் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த பெரிய கங்காணியின் துண்டுச் சீட்டுக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்ததை அறிந்த நமக்கு இது விளங்கும். ஒப்பந்தம் முடிந்ததும் தன் பெயரையே மாற்றிக்கொண்டு, 100 மைலுக்கு மேல் நடந்து நேட்டிக் என்ற ஊருக்குப் போய்ச் சப்பாத்து தைக்கக் கற்றுக்கொண்டார். பின்னால் சொந்தமாகப் பட்டறை வைத்தார். 1855இல் செனட்டர், 1873இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதி. 'நேட்டிக் செம்மார்' (செருப்பு தைப்பவர்) என்றே ஊர் அவரை அழைத்தது.

லிங்கன் கதையில் வரும் ஏளனம் இவருக்கு நிஜமாகவே நடந்தது. 1858இல் ஹாமண்ட் என்ற தென்மாநிலச் செனட்டர், அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர், எந்தச் சமூகத்திலும் கீழ்வேலை செய்ய ஒரு வகுப்பு இருந்தே தீர வேண்டும், அது வீட்டுக்கு அடியில் மண்ணில் புதைக்கும் மரம் போல என்று பேசினார். அதே மாதம் வில்சன் எழுந்து, என் தகப்பன் கூலிக்காரர், நானும் கூலி வேலை செய்தவன் என்று சபையில் சொல்லியே பதில் கொடுத்தார். பேச்சோடு நிற்கவும் இல்லை. தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்த 1862ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செனட்டில் கொண்டுவந்தவர் அவர். அதில் கையெழுத்திட்டவர் லிங்கன். இவ்வளவு நல்ல நிஜக் கதை இருக்கும்போது பொய்க் கதை நமக்கு எதற்கு?

லண்டனில் தோமஸ் ஹார்டி என்ற செம்மார் இருந்தார் (நாவலாசிரியர் வேறு ஆள்). பாமர மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1792இல் ஒரு சங்கம் தொடங்கினார். சந்தா வாரம் ஒரு பென்னி. உறுப்பினர் தொகைக்கு எல்லை கிடையாது என்பது விதி. 1794இல் அவரை ராஜத் துரோகி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் உள்ளே இருந்தபோதே மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விட்டது. விடுதலையானவர் மறுபடி சப்பாத்துக் கடைதான் திறந்தார்.

ஏன் இந்தத் தொழிலில் இருந்து இவ்வளவு பேர் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துச் செருப்புப் பட்டறையில் பெரிய சத்தம் இல்லை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து தைப்பார்கள், ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். கை வேலை செய்யும், காது கேட்கும், வாய் வாதம் செய்யும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். மழைக்காலத்தில் என் பள்ளிக்கூடச் சப்பாத்தின் அடி பிளந்துவிடும், அவரிடம் போவேன். மேலே படங்கு கட்டியிருப்பார், அதன் ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நூலை மெழுகில் இழுத்து, குத்தூசியால் துளை போட்டு, இரண்டு பக்கமும் நூலைக் கோர்த்து ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் அவர் உள்ளங்கையில் நூல் பதிந்த கோடு இன்னும் நினைவிருக்கிறது. சப்பாத்தை வாங்கியவுடன் வீரகேசரியை என் கையில் தருவார். "படி தம்பி, கைதான் இங்க இருக்கு, காது சும்மாதானே இருக்கு." பாராளுமன்றச் செய்தி வந்தால் ஊசி நின்றுவிடும், "அந்த இடத்த திரும்பப் படி" என்பார். அவர் அளவுக்கு அரசியல் தெரிந்தவரை அந்த வயதில் நான் பார்த்ததில்லை.

அவர் ஏன் ஒரு வில்சனாக ஆகவில்லை? வில்சனுக்கு வாக்கு இருந்தது. மலையகத் தமிழரான நமக்கு 1931இல் கிடைத்தது. அதே ஆண்டு தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். 1947இல் நம் மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. நம் வாக்கில் மறுபடி ஒருவர் தேர்தலில் வென்றுபோக 1977 ஆனது. அப்படிப் போன சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயா செய்த வேலையை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் வந்தவர். லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கே வழி அவ்வளவு ஒடுக்கம் என்றால், லயத்துக்குள்ளேயும் சாதி சொல்லிக் கடைசிக் காம்பராவுக்குத் தள்ளப்பட்டவர்களுக்கு?

வில்சனுக்கும் ஹார்டிக்கும் வறுமை இருந்தது, சாதி இல்லை. ஆகவே உங்கள் மாணவனுக்கு இன்னும் நெருங்கியவர் பஞ்சாபின் மங்கு ராம். தோல் தொழிலோடு கட்டிவைக்கப்பட்ட சாதி, தகப்பனார் பதனிட்ட தோல் வியாபாரி. பள்ளியில் அவரை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த 'கதர்' (Ghadar) புரட்சி இயக்கத்தில் சேர்ந்து, திரும்பி வந்து 1926இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்காக 'ஆத் தர்மம்' இயக்கத்தைத் தொடங்கினார். 1946இல் மாகாணச் சட்டசபைக்குத் தெரிவானார்.

பிரேசிலில் ஜனாதிபதியான லூலா சிறுவனாகச் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டவர். ருமேனியாவை ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி சௌசெஸ்குவும் சிறுவயதில் சப்பாத்துக் கடையில் வேலை பழகியவர்தான், இதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நம் ஊரில் எல்லாரும் காலில் மாட்டும் 'பாட்டா'வுக்குப் பெயர் தந்த தோமாஷ் பாட்டா 1923 முதல் செக்கோஸ்லோவாக்கியாவில் தன் ஊரான ஸ்லீனுக்கு மேயராக இருந்தார். இதைச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் காலைக் குனிந்து பார்ப்பார்கள்.

சரி, இதெல்லாம் பிறகு. இரண்டு நாள் அவன் வரவில்லை என்கிறீர்கள். மூன்றாவது நாளும் ஆனால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கோ கொழும்புக் கடைக்கோ வேலைக்குப் போய்விடுவான். எத்தனை பிள்ளைகள் அப்படிப் போனதை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். இன்று பள்ளிக்கூடம் விட்டதும் டவுனுக்குப் போங்கள். பிய்ந்தது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போய் அவன் அப்பாவிடம் கொடுங்கள், தைக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். கதை சொன்னது நான்தான், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அவனை அனுப்பச் சொல்லுங்கள். அவன் வந்தானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்