ஜேலன் ஸ்மித்தின் இடது கால்

வணக்கம் சார்,

விளையாட்டுக் காயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் முழங்கால் தசைநார் கிழிவதை விரிவாக எழுதியிருந்தீர்கள். நரம்பைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியைத் தடுப்பவன். நான்கு மாதம் முன்பு பயிற்சியில் இரண்டு பேர் அவன் கால் மேல் விழுந்ததில் முழங்கால் பிசகிவிட்டது. தசைநார் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. பெரோனியல் நரம்பு இழுபட்டிருக்கிறது, அறுபடவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

இதே நரம்பு அடிபட்டும் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்காக ஆடிய லைன்பேக்கர் ஜேலன் ஸ்மித்தின் கதையை அவன் கோச் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். "அவர் நம்பினார், நடந்தது" என்கிறான். ராத்திரி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கால் கட்டைவிரலையே முறைத்துப் பார்த்து அசைக்க முயல்கிறான். அசையாதபோது, "நான் நம்பியது பத்தவில்லை போலிருக்கிறது" என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மனவலிமையால் நரம்பு திரும்புமா? அவனை நம்ப விடுவதா, தடுப்பதா? ஸ்மித்தின் எந்த ஆட்டத்தை அவனுக்குக் காட்டலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மகன் அம்மாவிடம் சொன்னதற்குத்தான் முதல் பதில். மற்றதெல்லாம் அப்புறம். அவனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: கட்டைவிரல் அசையாததற்கும் அவன் நம்பிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த நரம்பு திரும்பும்போது கடைசியாக உயிர் பெறுவது பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல்தான். முதல் அறிகுறியை அவன் அங்கே தேடிக்கொண்டிருக்கிறான்.

நான் மருத்துவன் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் இந்த நரம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம், பதினாறு வயதுப் பையனுக்கும் புரியக்கூடியது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கையை வைத்தால் ஒரு எலும்பு மொட்டு தட்டுப்படும். ஃபிபுலா எலும்பின் தலை அது. பெரோனியல் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில், முன்காலுக்குள் இறங்குகிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவதும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும் இதன் வேலை. முழங்கால் பிசகும்போது ஒதுங்கிக்கொள்ள இதற்கு இடமில்லை, இழுபடுகிறது.

நரம்புக் காயத்தை மூன்று வகையாகப் பிரித்தவர் ஹெர்பர்ட் செடன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், 1943இல். முதல் வகையில் நரம்பு அதிர்ந்துபோயிருக்கும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே விழித்துக்கொள்ளும். இரண்டாவதில் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருக்கும், ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் உறை நிற்கும். மூன்றாவதில் எல்லாமே அறுந்திருக்கும், கத்தி வைக்காமல் முடியாது. டாக்டர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொன்னால் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்று பொருள்.

இரண்டாம் வகையில் புது இழை அந்த உறைக்குள்ளேயே வளர்ந்து தசையைத் தேடிப் போகிறது. வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். இழுபட்ட நரம்பில் காயம் ஒரே புள்ளியில் இருக்காது, முழங்காலுக்கு மேலேகூட நீண்டிருக்கலாம். அங்கிருந்து முன்கால் தசைவரை போக எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான்கு மாதத்தில் விரல் அசையவில்லை என்பதால் நரம்பு செத்துவிட்டது என்று ஆகாது. இந்த 1 மில்லிமீட்டரை ஜெபமோ வைராக்கியமோ 2 மில்லிமீட்டர் ஆக்காது. பணம் நிறைய இருக்கும் அணியின் மருத்துவராலும் ஆகாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். முழங்காலின் வெளிப்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி அவர் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் பையனுக்கு ஷாக் அடித்ததுபோல் சுருக்கென்று பாதம்வரை ஓடும். வளரும் இழையின் நுனி அங்கே இருக்கிறது. அடுத்தடுத்த முறை அந்த இடம் கீழே நகர்ந்திருந்தால் நரம்பு வந்துகொண்டிருக்கிறது. அவன் ராத்திரி கட்டைவிரலை முறைப்பதைவிட இந்த இடத்தைக் குறித்துவைப்பது எவ்வளவோ மேல். இதில் அவனைக் குற்றவாளியாக்கும் எதுவும் இல்லை.

இப்போது ஸ்மித்துக்கு வருகிறேன். கோச் அந்தக் கதையைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் இந்தக் கதையை எல்லோரும் சொல்லும் விதத்தில் பாதி விடுபட்டுப்போகிறது.

2016 ஜனவரி 1, அரிசோனாவின் கிளென்டேலில் ஃபியஸ்டா பௌல். ஸ்மித்தின் நோட்டர் டேம் கல்லூரியும் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியும் மோதின. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை 2015 சீசனுக்காக வாங்கியிருந்தவர் ஸ்மித். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த ஆண்டு முதல் ஐந்து இடங்களுக்குள் போவார் என்று பேசிக்கொண்டார்கள். முதல் கால்பகுதியிலேயே எதிரணி வீரர் தள்ளியதில் நிலைதடுமாறி இடது காலை ஊன்றினார், முழங்கால் கோணிக்கொண்டது. இரண்டு தசைநார்கள் கிழிந்தன. அவை தைத்தால் சேரும். பெரோனியல் நரம்பும் இழுபட்டு, உங்கள் மகனைப் போலவே பாதம் தொங்கிப்போனதுதான் பெரிய அடி.

முழங்காலுக்கு ஆபரேஷன் செய்தவர் டான் கூப்பர். அப்போது டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் மருத்துவரும் அவர்தான். கதையில் பலரும் தாண்டிப்போகும் இடம் இது. டிராஃப்டில் பல அணிகள் ஸ்மித்தின் மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் பின்வாங்கின. கவ்பாய்ஸ் இரண்டாம் சுற்றில், 34ஆவது ஆளாக, அவரை எடுத்தது. அந்த முழங்காலைத் திறந்து பார்த்தவரே தங்கள் பக்கம் இருக்கும்போது அவர்களுக்குக் கிடைத்த தைரியம் மற்ற அணிகளுக்கு வாய்க்கவில்லை. முதல் சுற்றில் அவர்கள் எடுத்த எசக்கியல் எலியட், அந்த ஃபியஸ்டா பௌலில் ஸ்மித்துக்கு எதிராக ஓடியவர்!

2016 சீசன் முழுக்க ஸ்மித் ஆடவில்லை. சம்பளம் உண்டு, தினமும் பார்க்கும் மருத்துவக் குழு உண்டு, "எப்போது வருவாய்" என்று நெருக்காத நிர்வாகம் உண்டு. கல்லூரியில் இருந்தபோதே எடுத்திருந்த காப்பீட்டிலிருந்து ஏறக்குறைய 9 லட்சம் டாலர் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. அவர் 'கிளியர் ஐ வியூ' என்ற தன் வாசகத்தை எல்லாப் பேட்டியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு வருஷம் தொங்கும் பாதத்தோடு தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக அது இல்லாமல் முடியாது. ஆனால் காத்திருக்க அவருக்கு வசதி இருந்தது, நரம்பின் உறை அறுபடாமல் இருந்தது. இந்த இரண்டும் அவர் நம்பிக்கையால் வந்தவை அல்ல.

லைன்பேக்கருக்கு எடுத்துவைக்கும் முதல் அடிதான் எல்லாம் என்பதை உங்கள் மகனே உங்களுக்குச் சொல்லியிருப்பான். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று படித்த கணத்தில் இடதோ வலதோ பின்னாலோ கிளம்ப வேண்டும். நேராக ஓடுவதை, தொங்கும் பாதத்தைத் தாங்கிப்பிடிக்கும் பிரேஸ் என்ற கவசத்தை மாட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கலாம். பக்கவாட்டில் வெட்டித் திரும்புவதும் பின்னோக்கி ஓடிக்கொண்டே சட்டென்று நிற்பதும் வேறு கதை. பாதம் தூக்காவிட்டால் முன்விரல் புல்லில் சிக்கும்.

2017 செப்டம்பர் 10ஆம் தேதி கவ்பாய்ஸின் மைதானம் இருக்கும் ஆர்லிங்டனில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக அவர் முதல் ஆட்டத்தில் இறங்கியபோது இடது கணுக்காலில் பிரேஸ் இருந்தது. அந்த சீசனின் 16 ஆட்டங்களிலும் ஆடினார். நன்றாக ஆடினார் என்று சொல்ல மாட்டேன். பாஸ் பிடிக்க ஓடுபவர்களைத் துரத்தும்போது அரை அடி பின்தங்கினார், திரும்புகையில் தயங்கினார். எனக்கு அந்த சீசன்தான் அவர் வாழ்க்கையில் மிகப் பெரியது. பாதி திரும்பிய காலோடு, பல லட்சம் பேர் பார்க்க, தினமும் கொஞ்சம் தோற்றுக்கொண்டே ஆடுவது லேசில்லை.

2018இல் பிரேஸ் போயிற்று. அந்த ஆண்டு 121 டாக்கிள் (பந்தோடு இருப்பவரை வீழ்த்துவது), 4 சாக் (பந்தை எறிபவரை எறியும் முன்பே வீழ்த்துவது). டிசம்பர் 23ஆம் தேதி டாம்பா பே அணிக்கு எதிராக, கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு 69 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். கோச் காட்டிய வீடியோ இதுவாகத்தான் இருக்கும். 2019 ஆகஸ்டில் ஐந்து ஆண்டுக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம், அந்த சீசனில் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வு. 2021 அக்டோபரில் கவ்பாய்ஸ் அவரை விடுவித்தது. அப்புறம் கிரீன் பே, ஜயன்ட்ஸ் அணிகளில் ஆடினார். எல்லா லைன்பேக்கருக்கும் ஒருநாள் வருவது அவருக்கும் வந்தது, அவ்வளவுதான். அதை வைத்து அவர் மீண்டு வந்தது பொய் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதே ஆர்லிங்டன் மைதானத்தில் 2018 ஏப்ரலில் இன்னொரு லைன்பேக்கர் நடந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியர். 2017 டிசம்பர் 4 அன்று சின்சினாட்டியில் ஒரு டாக்கிளில் தலை குனிந்து மோதி முதுகுத்தண்டில் அடிபட்டவர். கால்கள் அசையவில்லை. ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், கைத்தாங்கலாக மேடையேறி, டிராஃப்டில் தன் அணி முதல் சுற்றில் எடுத்தவரின் பெயரை அறிவித்தார். 2019இல் தன் கல்யாணத்தில் நடனம் ஆடினார். ஃபுட்பாலுக்குத் திரும்பவில்லை. 2020 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். ஸ்மித்தைவிட அவர் குறைவாக நம்பினார், குறைவாக உழைத்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? அடிபட்ட இடம் வேறு, அடியின் ஆழம் வேறு. உங்கள் மகனுக்கு இந்த இரண்டு பேரையும் சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம்ப விடுவதா தடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். நம்பட்டும். அந்த நம்பிக்கைக்குச் செய்ய வேலை கொடுங்கள். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தடித்த தசைநாண், பாதம் தொங்கியே கிடந்தால் சுருங்கிவிடும். அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் பாதம் மேலே வராது. அதனால் தினமும் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து நீட்ட வேண்டும், ராத்திரி டாக்டர் சொன்ன பிரேஸைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் மரத்திருக்கும், பிரேஸ் உரசிக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. குளித்ததும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் கையில் இருப்பது இவ்வளவுதான். இதில் எதையாவது செய்யாமல் விட்டால் கோபித்துக்கொள்ளுங்கள். விரல் அசையாததற்காக அவன் தன்னைத்தானே கோபித்துக்கொள்ள விடாதீர்கள்.

டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: எவ்வளவு நாள் காத்திருப்போம், அதற்கப்புறம் என்ன செய்வோம்? நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாங்காது. அதனால் காத்திருப்புக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். நரம்பு வராமலே போனாலும் வழி உண்டு. காலின் பின்பக்கத்துத் தசைநாண் ஒன்றை முன்பக்கம் கொண்டுவந்து கட்டி, அதையே பாதத்தைத் தூக்கவைக்கிறார்கள். தொழுநோயிலும் இதே நரம்பு பழுதாகிப் பாதம் தொங்கும். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகால்களுக்குத் தசைநாண் மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை வளர்த்தார்கள். அப்படி எழுந்து நடந்தவர்களில் யாருக்கும் ஸ்டேடியம் கைதட்டவில்லை.

எந்த ஆட்டத்தைக் காட்டுவது என்றால், டாம்பா பே ஆட்டத்தை அவன் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து 2017 சீசனின் ஏதாவது ஓர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். இடது கணுக்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மித் எங்கே தாமதிக்கிறார், காலின் குறையை எங்கே கண்ணால் ஈடுகட்டுகிறார் என்று லைன்பேக்கரான அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவனே உங்களுக்கு விளக்கட்டும். அப்புறம் ஷேசியர் மேடையேறும் வீடியோவைப் போடுங்கள்.

அடுத்த நரம்புப் பரிசோதனை எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. முடிவு வந்ததும், எப்படி வந்தாலும், எழுதுங்கள். மகனுக்கு என் அன்பு.