பெட்ரோல் காசில் காருக்குப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: மகன் பழைய போலோ கார் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கியிருக்கிறான். பெட்ரோல் விலையிலேயே இன்சூரன்ஸ் பிடித்துவிடுகிறார்கள், தனியாக எதற்கு என்கிறான். சரிதானா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: ரொக்கத்துக்கு வாங்கிய காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் சட்டம் இல்லை. லிட்டருக்கு 2 ரேண்டுக்கு மேல் பிடிக்கிறார்களே, அது சாலை விபத்து நிதிக்குப் போகிறது. பிறர் தவறால் காயம்பட்டவருக்கும், விபத்தில் சம்பாதிப்பவரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் அந்த நிதி இழப்பீடு தரும். இடித்தவர் யாரென்று தெரிந்தால் 3 ஆண்டுக்குள்ளும், இடித்துவிட்டு ஓடிவிட்டால் 2 ஆண்டுக்குள்ளும் மனு கொடுக்க வேண்டும்.

வண்டிச் சேதத்துக்கு அந்த நிதியிலிருந்து ஒரு சென்ட்கூட வராது. ரோபோட்டில், அதாவது சிக்னலில் நிற்கும் மெர்சிடிஸின் பின்னால் மகன் இடித்துவிட்டால், பம்பர், சென்சார், விளக்கு, பெயின்ட் என்று வரும் பில் முழுவதும் அவர் தலையில்தான் விழும். போலோவின் விலையையே அது தாண்டிவிடலாம். அதனால் தேர்ட் பார்ட்டியாவது கட்டாயம் எடுங்கள். பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்தை அது கொடுக்கும். தீயும் திருட்டும் சேர்ந்த பாலிசி அதற்கு ஒரு படி மேல். கார் போனால் சேமிப்பிலிருந்து இன்னொன்று வாங்க முடியாது என்றால், சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்துக் கொடுக்கும் காம்ப்ரிஹென்சிவ்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: பாலிசியை என் பேரில் எடுத்தால் பிரீமியம் குறையும் என்கிறார்கள். தினமும் ஓட்டப்போவது 21 வயது மகன்.
– வாசகி, டோங்காட்

பதில்: வேண்டாம் அம்மா. பாலிசி யார் பேரிலும் இருக்கலாம்; ஆனால் பாலிசி விவரங்களை எழுதிய ஷெட்யூல் தாளில் ‘ரெகுலர் டிரைவர்’ என்ற வரியில் உண்மையில் அதிகம் ஓட்டுபவர் பெயர் இருக்க வேண்டும். க்ளெய்ம் வந்ததும் கம்பெனி ஆள் விசாரிப்பார்: யார் வேலைக்கு எடுத்துப்போகிறார், சாவி யாரிடம், இரவில் எங்கே நிற்கிறது. பொய் என்று தெரிந்தால் க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். அத்தனை மாதம் கட்டிய பிரீமியமும் வீண். இரவில் தெருவில் நிற்கும் காரைப் பூட்டிய கராஜில் நிற்பதாக எழுதுவதும், காரில் சாமான் டெலிவரி செய்துகொண்டே ‘சொந்த உபயோகம்’ என்று எழுதுவதும் இதே கதைதான். பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமென்றால் எக்சஸை, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் கையிலிருந்து போடும் தொகையைக் கூட்டுங்கள். மறுநாளே புரட்டக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆட்சேபம் சொல்ல 90 நாள் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் அமைப்பிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி: பேங்க் கடனில் கார். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பேங்க் காம்ப்ரிஹென்சிவ் கேட்கும். அதில் ‘ரீடெயில்’ மதிப்பு, அதாவது டீலர் விற்கும் விலை போட்டிருக்கிறதா பாருங்கள். ‘ட்ரேட்’ மதிப்பு டீலர் உங்களிடம் வாங்கும் விலை, அது குறைவு. கடன் பாக்கி 2,10,000 ரேண்ட், காரின் ரீடெயில் 1,80,000, எக்சஸ் 6,000 என்று வையுங்கள். கார் திருடுபோனால் கைக்கு வருவது 1,74,000. இல்லாத காருக்கு 36,000 கட்ட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியை அடைக்கவென்றே ‘கிரெடிட் ஷார்ட்ஃபால்’ என்ற கூடுதல் இன்சூரன்ஸ் உண்டு. முன்பணம் குறைவாகக் கட்டியவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெட்யூலில் ‘சாஸ்ரியா’ என்ற வரியும் இருக்கட்டும். கலவரச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது. அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியாதான் கொடுக்கும். 2021 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த ஃபீனிக்ஸ்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.