மார்பகப் புற்றுநோய் அனுபவ நூல்கள்: கேட்டவையும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மார்பகப் புற்றுநோயோடு வாழ்ந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கிறேன். புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்: அக்கா, சின்னம்மாவுக்கு இப்போதுதான் கண்டுபிடித்தார்கள். என்ன புத்தகம் கொடுக்கலாம்?

நோய் மார்பகத்தோடு நின்றிருக்கிறதா, எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளம்மா. குணமாகி வீடு திரும்பியவளின் கதையை, ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டியவளிடம் கொடுத்தால் குமுறித்தான் போவாள். அடுத்து, புத்தகம் வந்த ஆண்டைப் பார். 1970களின் கதைகளில், கட்டியைச் சோதிக்க என்று மயக்க மருந்து கொடுப்பார்கள். கண் விழித்தால் மார்பே இருக்காது. இப்போது முதலில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்து, பேசி முடிவெடுத்த பிறகுதான் ஆபரேஷன். பலருக்குக் கட்டியை மட்டுமே எடுக்கிறார்கள். இதைச் சொல்லாமல் பழைய புத்தகத்தைக் கொடுத்தால் சின்னம்மா ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுவார். கீமோ நாட்களில் பலருக்குப் படிப்பது மனதில் நிற்காது. சின்னச் சின்ன அத்தியாயங்களாக உள்ளதை எடு. படிக்க விருப்பமா என்று அவரையே கேள்.

லெனேசியா: அமெரிக்கப் புத்தகத்தில் வரும் டிராஸ்டுசுமாப் ஊசியை அம்மாவுக்கு ஏன் போடவில்லை?

ஹெர்-2 என்ற புரதம் புற்றுநோய்ச் செல்களில் அளவுக்கு மீறி இருக்கும் ஹெர்-2 பாசிட்டிவ் வகைக்குத்தான் அது வேலை செய்யும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வகை. அம்மாவின் வகை என்ன என்று டாக்டரிடம் கேள், தம்பி. ஆனால் பணமும் ஒரு காரணமாக இருந்தது. நம் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தைச் சேர்ந்த மார்பகப் புற்றுநோயாளி டோபேகா டாகி இந்த மருந்தின் விலையை எதிர்த்துப் போராடி, அது கிடைக்காமலே 2016இல் இறந்தார். வெளிநாட்டு நூல்களில் சர்வசாதாரணமாக வரும் ஊசி இங்கே ஒருத்திக்கு எட்டாமல் போனது. அதை மறந்துவிட்டு அந்த நூல்களைப் படிக்க என்னால் முடியாது.

வெருலம்: தோழியின் அக்காவுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். ஆண்டைப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் தன் மார்பகப் புற்றுநோயைப் பற்றி எழுதிய 1980ஆம் ஆண்டுப் புத்தகம் செயற்கை மார்பு வைத்துக்கொள்பவர்களைக் குத்திக்காட்டுகிறதே?

சில வரிகள் சுடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு நடந்ததைப் பாருங்கள். 1978இல் வலது மார்பை எடுத்த பிறகு, பஞ்சு வைக்காமல் டாக்டரிடம் போனார். மற்ற நோயாளிகளின் மனம் சோர்ந்துவிடும், ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் அங்கிருந்த நர்ஸ். மார்பை இழந்தவளே ஒளிந்துகொள்ள வேண்டுமா? அந்தக் கோபம் நியாயமானது.

டோங்காட் (இடையில்): கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டும் என் அம்மாவிடம் வந்து சொல்லுங்கள்! இடப்பக்கம் எடுத்துவிட்டார்கள். முந்தானை தட்டையாக விழுகிறது, பின் குத்தினாலும் சரிகிறது.

அம்மா தாராளமாகச் செயற்கை மார்பு வைத்துக்கொள்ளட்டும். கனம் இல்லாத பக்கம் தோள் ஏறிக்கொள்ளும். சரியான எடையுள்ள சிலிக்கோன் மார்பு அதற்கும் உதவும். புண் ஆறும்வரை ரவிக்கைக்குள் பஞ்சுப் பை தைத்துக்கொள்ளலாம். ஆனால் வேண்டாம் என்கிற பெண்ணிடம் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று வற்புறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா, உங்களுக்கும் இதுதான் பதில். வைத்துக்கொள்பவளும் வேண்டாம் என்பவளும், இருவருமே தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தவர்கள்.

பீனிக்ஸ்: ஒருவர் மூலிகைச் சாற்றிலேயே குணமானதாக எழுதியிருக்கிறார்...

இதே கேள்வி மறுபடியும்! ஆபரேஷனுக்குப் பிறகு குடித்தாரா என்று பாருங்கள். சாற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டேங்கர்: மனைவிக்குக் கீமோ நடக்கிறது. அனுபவத்தை எழுதச் சொல்லலாமா?

அவசரப்படுத்தாதீர்கள், அண்ணா. ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811இல் பாரிஸில், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், மார்பை அறுத்தெடுத்தார்கள். அதைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுத மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவருக்குத் துணிவில்லை. இப்போதைக்குத் தேதியையும் மருந்தின் பெயரையும் நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தோன்றினால் அவர் கேட்பார்.