முதலில் பையனுக்கு ஒரு தனிக் கணக்கு

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் இரவு பதினொன்றானாலும் மூடுவதில்லை. பாடம் என்கிறான், எட்டிப் பார்த்தால் மைன்கிராஃப்ட், அந்த வீடு கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. பாஸ்வேர்டை மாற்றினேன், மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அலுத்துப் போயிருப்பீர்கள். ஒன்று பாருங்கள்: அவன் யாருடைய கணக்கில் உள்ளே போகிறான்? அப்பாவின் கணக்கு என்றால் அது பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இருக்கும். அதில் இருப்பவர் எந்தப் பூட்டையும் திறந்துவிடலாம். பல வீடுகளில் ஓட்டை இங்கேதான்.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், அவனைக் குடும்ப உறுப்பினராக, குழந்தை என்றே சேருங்கள். அவனுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். அப்புறம் உங்கள் போனில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி செயலியைப் போட்டு, கிழமைவாரியாக நேரம் வையுங்கள். உதாரணமாக, பள்ளி நாளில் மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஒன்றரை மணி நேரம். உங்கள் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள். அவன் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது பாஸ்வேர்டைத் தட்ட வேண்டாம்.

தயவுசெய்து இதை அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை மணி என்பதை அவனையும் கேட்டு முடிவு செய்யுங்கள். மைன்கிராஃப்டில் பாதி வீடு கட்டியிருக்கும்போது திரை திடீரென்று பூட்டிக்கொண்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அழுகையே வரும். பெரியவர்களுக்கு அது வெறும் விளையாட்டு, அவனுக்கு அது ஒரு வாரத்து உழைப்பு. நேரம் தீர்ந்தால் கூடுதல் நேரம் கேட்கும் வசதி இருக்கிறது, கோரிக்கை உங்கள் போனுக்கே வரும். எடுத்த எடுப்பில் மறுக்காமல், "என்னப்பா கட்டிக்கிட்டிருக்கே?" என்று போய்ப் பாருங்கள். கால் மணி நேரம் கொடுப்பதில் தப்பில்லை. தினமும் கேட்டால் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று, லேப்டாப் பூட்டியதும் அவன் கை உங்கள் போனுக்குத்தான் நீளும். அதற்கும் ஒரு பூட்டு போட்டுவிடுங்கள்.