வார்டு அனுபவம் போதுமா, எம்எச்ஏ படிக்கணுமா?

வணக்கம் சகோதரி. 14 வருட வார்டு வேலைக்குப் பிறகு நர்சிங் சூப்பிரண்டெண்ட் ஆகியும், எம்எச்ஏ (மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பு) முடித்த இளைஞர்கள் நடுவே மீட்டிங்கில் வாய் திறக்கத் தயக்கம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதே வழியில் வந்தவள்தான்.

எங்கள் மருத்துவமனையில் காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ் எழுதினால் நோயாளி கிளம்ப மாலை 4 ஆகிவிடும். பழி முழுக்க நர்சுகள் மேல். எம்எச்ஏ படிப்பில் நான் கற்றபடி, ஒரு டிஸ்சார்ஜ் ஃபைலோடு கூடவே நடந்து ஒவ்வொரு மேஜையிலும் நேரத்தைக் குறித்தேன். மீந்த மருந்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்கவே இரண்டு மணி நேரம் போயிருந்தது! அந்தத் தாளை வைத்ததும் மீட்டிங்கில் பேச்சு மாறியது. ஆனால் ஃபார்மசியில் யாரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்பதை வார்டுதான் சொல்லிக்கொடுத்தது.

1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, தன் அனுபவத்தை மற்றவர்களுக்குக் கற்றுத்தர 1992-இல் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தையே அமைத்தது. அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

அதனால் படியுங்கள், வேலையை விடாமல். பட்ஜெட்டும் ஷிப்டுக்கு ஆள் கணக்கிடுவதும் முதலில். நாம் தடுமாறுவது அங்கேதான். அப்புறம், அடுத்த மீட்டிங்குக்கு ஒரு வார்டின் ஒரு வார டிஸ்சார்ஜ் நேரங்களை எழுதி எடுத்துப் போங்கள்.