முகத்துவாரத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 42. ஊர் பென்னாகரம். ஒகேனக்கல் காவிரியைப் பார்த்தே வளர்ந்தவள். அந்தக் காவிரி கடலில் சேரும் பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை, கரையோரமாகத் தனியாக நடக்க வேண்டும் என்று பல வருட ஆசை. வத்தல்மலை ஏறிப் பழக்கம் உண்டு. தம்பியோ, "கடலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் அக்கா?" என்கிறான். போகலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் சகோதரி. ஆனால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

அலையைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தப் பாதையில் நான் பயப்படுவது ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்குத்தான். காவிரியின் கிளைகள் அடுத்தடுத்து உங்கள் வழியை மறிக்கும். ஒருமுறை அப்படி ஓரிடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கினேன். பத்தடி போவதற்குள் இடுப்பு நனைந்தது. காலடி மணல் கரைந்து ஓடியது. கடல் வற்றும் நேரம் அது, ஆறு முழு வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போட்ட கூச்சலில்தான் திரும்பினேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: எந்த முகத்துவாரத்தையும் நடந்து கடக்காதீர்கள். சாலைக்கு ஏறிப் பாலம் வழியாக வாருங்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். நாகூருக்கு வடக்கே காரைக்கால் துறைமுகம் இருப்பதால் அங்கேயும் சாலைதான் வழி.

மாதம் பிப்ரவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். மேட்டூர் அணையையும் வழக்கமாக ஜனவரி 28 அன்று பாசனத்துக்கு மூடிவிடுவார்கள், ஆறுகள் மெலிந்துவிடும். ஆமைகள் முட்டையிடும் காலமும் அதுதான். விடியலில், சிறிய டிராக்டர் ஏறி இறங்கியதுபோல் மணலில் ஒரு தடம் கடலிலிருந்து வந்து திரும்பிப் போயிருக்கும். அதைப் பார்க்கவே ஒருநாள் சீக்கிரம் எழுந்திருக்கலாம்.

மலை ஏறிய கால்களுக்கும் மணல் புதிது. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே நடக்கையில் கடல் இடப்பக்கம் இருப்பதால் இடது கால் எப்போதும் தாழ்வாகவே விழும். இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடல் வற்றும்போது தெரியும் ஈர மணல் இறுக்கமானது, ஓரளவு சமமானது. அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இப்போதே தென்பெண்ணை மணலில் நடந்து பழகுங்கள்.

நம் மேட்டு நிலத்து வெயில் வேறு, கடற்கரைப் புழுக்கம் வேறு. அங்கே வியர்வை காயாது, உடம்பு குளிராது. விடிந்ததும் கிளம்பி, பத்தரை மணிக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். மூன்று லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் பையில் இருக்கட்டும்.

மணலில் கூடாரம் போட்டுத் தனியாகத் தூங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று இரவு தங்கினால் நான்காம் நாள் வேளாங்கண்ணி. பாதயாத்திரைக்காரர்களைப் பார்த்துப் பழகிய பாதை அது. நடந்து வருகிறவரை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

தங்கும் இடங்களை ஒரு தாளில் எழுதித் தம்பியிடம் கொடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டையும் அதிலேயே குறித்துவிடுங்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு நீங்கள் கூப்பிட வேண்டும். ஏழு வரை அழைப்பு வராவிட்டால் அவர் அந்த எண்களை அழைக்க வேண்டும்.