ரயில்வேயில் முதன்மைத் தலைமைப் பொறியாளர் என்பவர் யார்?

ஒரு ரயில்வே மண்டலத்தின் தண்டவாளம், பாலம், கட்டடம், நிலம் அனைத்துக்கும் பொறுப்பான சிவில் பொறியியல் துறைத் தலைவர் இவர். பொது மேலாளருக்குக் கீழ் பணியாற்றுவார். தெற்கு ரயில்வே என்றால் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் ஆகிய 6 கோட்டங்களின் பாதைகளும் இவர் பொறுப்பில் வரும்.

இதற்கு ஏன் இவ்வளவு உயர்ந்த பதவி? பழுதை முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பதால்தான். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் கோடை வெயிலில் விரிய முயலும். விரிய இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறும். ஓரத்து ஜல்லி குறைவாக இருந்தாலோ, தண்டவாளத்தை அதன் அடியிலுள்ள குறுக்குக் கட்டைகளோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தாலோ பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடக்கூடும், ரயில் தடம்புரளக்கூடும். ஜல்லி சேர்ப்பது, வெயில்நேர ரோந்து, வேகக் கட்டுப்பாடு எல்லாம் இதைத் தடுக்கத்தான். ஏரிக்கரை போலத்தான் இதுவும்: சிறு கசிவிலேயே அடைத்தால் ஒரு கூடை மண் போதும். என் பார்வையில், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் துணிவே இப்பதவியின் முதல் தகுதி.

புதிய பாதைகளையும் இவரே போடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரிய கட்டுமானங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அதன் தலைவர் தலைமை நிர்வாக அதிகாரி.